ஆடாமல் அசையாமல் கமலநாதன்

“அங்கிள், நேத்து என்ன செஞ்சீங்க? உண்மையச் சொல்லுங்க.”

டாக்டர் தயானந்தன் திரையைத் திருப்பிக் காட்டினார். படத்தில் கமலநாதனின் இரண்டு தோளும் மத்தாப்பு கொளுத்தியது போல் எரிந்துகொண்டிருந்தன. ஆறு தடவை மருந்து ஏற்றியதில் கழுத்துக் கட்டி கரைந்ததா இல்லையா என்று பார்க்கத்தான் உடம்பு முழுக்க ஸ்கேன். இந்த வெளிச்சத்தில் கழுத்தே தெரியவில்லை.

“ஒன்னுமே செய்யல டாக்டர்,” என்றார் கமலநாதன்.

“பால்குடம் எடுத்தாரு,” என்றாள் மனைவி வாசுகி. “ஸ்கேன் நல்லா வரணும்னு நான்தான் வேண்டிக்கிட்டேன்.”

டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

“நாங்க போடற ஊசி சர்க்கரை மாதிரிம்மா. கட்டி இருந்தா அத இழுத்துக்கிட்டு வெளிச்சமாத் தெரியும். வேல செஞ்ச தசையும் அப்படித்தான் இழுக்கும். இதுல கட்டி எது, பால்குடம் எதுன்னு நான் எப்படிச் சொல்றது?”

வாசுகி பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு துணி ஃபேக்டரியில் தையல் பிசகு பார்ப்பவள். பதினெட்டு வருஷத்தில் அவள் கண்ணைத் தப்பி ஒரு சட்டை வெளியே போனதில்லை. அப்படிப்பட்டவளின் புருஷனே ரிஜெக்ட் ஆனதை அவளால் தாங்க முடியவில்லை. அதைவிட, ராத்திரி அவர் தூங்கும்போது கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதை எப்போது நிறுத்துவது என்று யாராவது சொன்னால் போதும் என்றிருந்தது.

அடுத்த தேதிக்கு முன்னால் இரண்டு நாள் அவரை நாற்காலியை விட்டு எழவிடவில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் மனிதர். தண்ணீர்க் கிளாஸைக்கூட அவளே தூக்கிக் கொடுத்தாள். வெறும் வயிற்றோடுதான் கிளம்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் பெண் லோஷினி அவர் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

“ரொம்ப ஹை. இன்னிக்கு எடுக்க முடியாது. என்ன சாப்பிட்டீங்க அங்கிள்?”

“ஒன்னும் சாப்பிடலம்மா.”

“சத்தியமா ஒன்னும் சாப்பிடல,” என்றாள் வாசுகி. “வர்ற வழியில கோயில்ல ரெண்டு தொன்னை சக்கரப் பொங்கல்.”

“ஆன்ட்டி!”

“பிரசாதம் லா! அதெல்லாம் சாப்பாட்டுல சேருமா?”

“அலமாக்!” என்று லோஷினி தலையில் கை வைத்தாள். ஒரு தாளை எடுத்து வரிசையாக எழுதிக் கொடுத்தாள். இனிப்பு கூடாது, உடம்பை அலட்டக் கூடாது, குளிர் கூடாது, ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் பேசக் கூடாது.

வாசுகி அந்தத் தாளை ஃபிரிட்ஜில் ஒட்டினாள். ஒரு மணி நேரம் என்றிருந்ததை அவளே ஒரு நாளாக்கினாள்.

மூன்றாம் தடவை, விடிந்ததும் கமலநாதனுக்குக் கழுத்திலிருந்து பாதம் வரை கம்பளியைச் சுற்றினாள். குளிர் கூடாது, காரில் ஏர்கோன் போடக் கூடாது என்றாள். அவர் வழக்கம்போல் சாவிக்குக் கை நீட்டினார்.

“ஸ்டியரிங் பிடிச்சா கை எரியும். நான் ஓட்டறேன்.”

அவர் வாயைத் திறந்தார்.

“பேசாதீங்க! தொண்டை எரியும்!”

வாசுகி லைசன்ஸ் எடுத்து ஒன்பது வருஷம். மார்க்கெட்டைத் தாண்டி ஓட்டியதில்லை. இன்று ஹைவேயில் இரண்டு செம்பனை லாரிகளுக்கு நடுவே புகுந்து வெளியே வந்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது.

“என்னங்க, நல்லாத்தானே ஓட்டறேன்?”

பக்கத்து சீட்டில் கமலநாதன் கண்ணை இறுக மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தார். முகமெல்லாம் வேர்வை. பாவம், கம்பளியின் சூடு. சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

“பத்து பாகாட்லேர்ந்து ஜொகூர் பாரு வரைக்கும் நானேதான் ஓட்டினேன்,” என்று லோஷினியிடம் சொன்னாள். “அவரு ஆடல, அசையல. பொம்மை மாதிரி வந்தாரு.”

சர்க்கரை சரியாக இருந்தது. ஊசி போட்டார்கள். படம் எடுத்தார்கள்.

டாக்டர் திரையை வெகுநேரம் பார்த்தார். “கழுத்து சுத்தம். தோள் சுத்தம். நெஞ்சு, வயிறு எல்லாம் சுத்தம்.”

வாசுகி கைகூப்பினாள்.

“ஆனா...” டாக்டர் குனிந்து பார்த்தார். “வலது கால் மட்டும் தொடையிலேர்ந்து பாதம் வரைக்கும் எரியுது. இடது கால்ல ஒன்னுமே இல்ல. இப்படி நான் பாத்ததே இல்லையே.”

வாசுகி எழுந்து திரையில் அந்தக் காலைப் பார்த்தாள். கட்டி கழுத்தை விட்டுக் காலுக்குப் போய்விட்டதா? கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“என்னங்க, கால் வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? பேசுங்களேன்!”

கமலநாதன் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

ஃபைலோடு வந்து நின்ற லோஷினி தொண்டையைச் செருமினாள்.

“டாக்டர், அது பிரேக் மிதிக்கிற கால். இன்னிக்குக் கார் ஓட்டிட்டு வந்தது ஆன்ட்டி, வழியெல்லாம் பிரேக் மிதிச்சது அங்கிள்.”