குதிரை எங்கே என்று கேட்ட சுவாமி

ஒரு மொழி அறவே தெரியாதவனுக்கு எந்த ஊரிலும் ஆபத்து இல்லை. அவன் வாயை மூடிக்கொண்டிருப்பான். அரைகுறையாகத் தெரிந்தவன்தான் சந்தி சிரிக்க வைப்பான். இரண்டாயிரங்களின் நடுவில் எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, தெப்பனர் எனும் மூலைச் சில்லறைக் கடையில் பால் வாங்கவும் மெட்ரோவில் காலை மிதித்தால் மன்னிப்புக் கேட்கவும் போதுமாயிருந்தது. நான் அதைப் பாண்டித்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கனடாவின் பிரெஞ்சு பேசும் பக்கத்தில், பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்தோம். மனைவி ஜெயந்திக்கு ஏழாம் மாதம். மன்னாரிலிருந்து வந்திருந்த மாமி, அவளின் தாய், பெட்டியிலிருந்து உடுப்புகளை இன்னும் முழுதாக வெளியே எடுக்கவில்லை. ரொறன்ரோவிலிருந்து அவரது மூத்த மகன் கிழமைக்குக் கிழமை கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமி போய்விட்டால் பிள்ளைப்பேறு பார்க்க எங்களுக்கு வேறு ஆளில்லை. எனக்கோ துறைமுகப் பக்கம் களஞ்சியத்தில் இரவு வேலை. பாதி திறந்த அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போவேன்.

மாமியைக் குளிர்விக்கப் பழைய வான் ஒன்று வாங்கினேன். மாமி ஏற மறுத்தார். சுவாமியார், அதாவது பாதிரியார், ஆசீர்வதிக்காத வாகனத்தில் அவர் தூரப் பயணம் போனதே இல்லையாம். எங்கள் பங்குச் சுவாமியோ விடுமுறையில் இருந்தார். வழியில் முதலில் காணும் சுவாமியிடம் ஆசீர்வாதம் வாங்குவேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் அவரை ஏற்றினேன்.

ஆதியில் வந்த பிரெஞ்சுக்காரரின் குடியிருப்பை அப்படியே திரும்பக் கட்டி வைத்திருந்த ஓர் இடத்துக்குப் போனோம். மரவேலி, கொல்லன் பட்டறை, பலகையால் கட்டிய சின்னக் கோவில். வாசலில் பெரிய அறிவித்தல் இருந்தது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு எல்லாம் விளங்குது என்றேன். (உள்ளே இருப்பவர்கள் நடிகர்கள், என்ன கேட்டாலும் அந்தக் காலத்து ஆட்களாகவே பதில் சொல்வார்கள் என்று அதில் எழுதியிருந்ததாம். பேந்துதான் தெரிய வந்தது.)

ஜெயந்தி கழிப்பறை தேடிப் போன நேரம், கோவிலுக்குள்ளிருந்து தாடி வைத்த சுவாமி ஒருவர் வந்தார். கறுப்பு அங்கி, இடுப்பில் செபமாலை. மாமியின் முகம் மலர்ந்தது.

"தம்பி, சுவாமி வாறார். போய்க் கேளும்."

நான் முழங்காலில் நின்று, தெரிந்த சொற்களை எல்லாம் கோத்து, என் வாகனத்தை ஆசீர்வதிக்கும்படி கேட்டேன். அது என்ன பொருள் என்று கேட்டார் சுவாமி. என் உச்சரிப்புத்தான் பிழை என்று நினைத்து, கையால் ஸ்டியரிங் பிடித்து, வாயால் ஹோர்னும் அடித்துக் காட்டினேன். வண்டியா, அப்படியென்றால் குதிரை எங்கே என்றார். குதிரை இல்லை, தானாக ஓடும் என்றேன். சுவாமி இரண்டடி பின்வாங்கிச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

சுற்றி நின்ற சனம் சிரித்துக்கொண்டே கை தட்டியது. சிலர் படமும் எடுத்தார்கள். நல்ல பக்தியுள்ள சனம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாமி தட்டவில்லை. சுவாமியே கண்டு பயப்படுகிற வானில் வீட்டுக்கு வரமாட்டேன், மகன் வந்து ரொறன்ரோவுக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று வேலியோரம் போய் நின்றுவிட்டார். எழுந்து, வந்து பாருங்கள் என்று சுவாமியை அங்கியில் பிடித்து இழுத்தேன். இழுத்த இழுவையில் தாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜெயந்தி வந்தாள். அவள் வகுப்புக்குப் போய் ஒழுங்காகப் பிரெஞ்சு படித்தவள். இரண்டு நிமிடம் கதைத்துவிட்டு, தலையில் கை வைத்தாள்.

"அம்மா, இவர் சுவாமி இல்லை. கொலிஜில படிக்கிற பொடியன். இது லீவு வேலை. வேசத்தைக் கலைக்கக் கூடாதாம்."

பொடியன் தாடியைப் பிடித்தபடி மன்னிப்புக் கேட்டான். கோவிலுக்குப் போயே பல வருடம் என்றும் சொன்னான்.

மாமி அவனைப் பார்த்தார். மண் ஒட்டிய என் முழங்கால்களைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கனடா வந்தபின் அவர் சிரித்து அன்றுதான் கண்டேன். நிற்க முடியாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டு நேரே வானடிக்குப் போனார். கைப்பையிலிருந்து ஒரு சின்ன முடிச்சை எடுத்தார். மடுமாதா கோவில் மண். (பாம்புக்கடிக்கே காவல் என்று எங்கள் சனம் கொண்டு திரிவது.) ஒரு சிட்டிகை எடுத்து வானின் நெற்றியில் பூசினார்.

"இவ்வளவு சனம் சிரிச்ச வானில பேய் ஏறாது. வீட்டை போவம்."

முன்சீற்றில் ஏறி இருந்தார். அப்பாடா என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அன்று பின்னேரமே பெட்டி காலியாகிக் கட்டிலுக்குக் கீழே போனது. மகள் பிறந்து, வளர்ந்து, இந்தக் கதையை என்னைவிட நல்ல பிரெஞ்சில் விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சிரிக்க வைக்கிறாள். மாமி இன்னும் எங்களோடுதான். நான் காரை ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் இரண்டடி பின்வாங்கி, சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, முகத்தைச் சுவாமி மாதிரி வைத்துக்கொண்டு கேட்பார்:

"குதிரை எங்க, தம்பி?"