உப்புப் பாலைவனத்தில் கெட்டித் தரை தேடிய கைடு

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களை எந்த ஊருக்கு வேண்டுமானாலும் சுற்றுலா கூட்டிப் போகலாம். ஆனால் அவர்களுக்கு இயற்கைக் காட்சியைக் காட்டவே முடியாது. மலையைக் காட்டினால் அங்கே என்ன விளையும் என்பார்கள். அருவியைக் காட்டினால், இந்தத் தண்ணீர் எந்த ஆற்றில் சேருகிறது, யார் வயலுக்குப் பாய்கிறது, நமக்கு ஏன் வரவில்லை என்று வரிசையாகக் கேட்டு, கடைசியில் கைடோடு சண்டைக்கு வருவார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் அதே மண்தான். அதனால்தான் ஒரு மார்கழி மாதத்தில், குஜராத்தின் உப்புப் பாலைவனத்தில், ஒரு விமானம் நிறைய வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தொடை வரை சேற்றில் புதைந்து நின்றேன். (அந்தக் கூட்டத்துக்கு நான்தான் கைடு.)

அப்போது தஞ்சாவூரில் ஒரு டிராவல்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. உலகத்தையே ஊர் ஊராக அனுப்பிவிட்டு நான் மட்டும் கவுண்டரில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். விமானத்தில் எந்த சீட்டில் உட்கார்ந்தால் இறக்கை மறைக்காது என்று துல்லியமாகச் சொல்வேன். விமானத்தில் ஏறியது கிடையாது.

அந்த வருஷம் ஓர் உரக் கம்பெனி, தன்னுடைய நல்ல டீலர்களுக்கும் விவசாயிகளுக்கும் பரிசாக ஒருநாள் விமானச் சுற்றுலா அறிவித்தது. ஒரு சின்ன விமானத்தையே வாடகைக்குப் பிடித்து, விடிகாலையில் திருச்சியில் கிளம்பி, கட்ச் போய் வெள்ளைப் பாலைவனம் பார்த்துவிட்டு, அன்று ராத்திரியே திரும்புவது திட்டம். ஏற்பாடு எங்கள் கம்பெனியுடையது. வழக்கமான கைடுக்கு அம்மை போட்டுவிட்டது. ஆபீசில் மிச்சம் இருந்தவர்களில் இந்தி தெரிந்தது எனக்கு மட்டும்தான். (பரீட்சை எழுதிப் பாஸ் செய்த இந்தி. யாரிடமும் பேசிப் பார்த்ததில்லை.)

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஜெசி, இந்த ட்ரிப்ப நல்லபடியா முடிச்சுக் குடுத்துட்டேன்னா இனிமே நீதான் கைடு. சொதப்புனே, ஆயுசுக்கும் அந்த ஸ்டூல்தான். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. யாரு என்ன கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லாத. கைடு தெரியாதுன்னு சொன்னா மரியாதை போயிடும்."

எனக்கு அந்த வேலை வேண்டும். இன்னொருவர் பயணத்துக்கு சீட் எண் போட்டுக்கொண்டே கிழவியாகிவிடக் கூடாது என்ற வெறி இருந்தது. அதனால் ராத்திரியெல்லாம் விழித்து, வழியில் வரும் கோட்டை, அரண்மனை, ராஜாக்கள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். கடைசி நேரத்தில் ஒருவர் வரமுடியாமல் போக, காலி சீட்டில் என் அப்பாவை ஏற்றிக்கொள்ள முதலாளி சம்மதித்தார். அப்பா பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக எட்டும் கடைமடையில் விவசாயம் பார்ப்பவர். மகள் கைடாகிற வைபவத்துக்காக, கிறிஸ்துமசுக்குத் தைத்த வெள்ளைச் சட்டையை ஒரு வாரம் முன்னதாகவே போட்டுக்கொண்டு வந்தார்.

விமானம் மேலே எழும்பியதும் மைக்கை வாங்கி, "அனைவருக்கும் இனிய காலை வணக்கம்" என்று ஆரம்பித்தேன். ஒருவரும் திரும்பவில்லை. மொத்தக் கூட்டமும் ஒரே பக்கத்து ஜன்னல்களில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"தோ பாருங்க, முக்கொம்பு! இங்கதான் காவேரி ரெண்டா பிரியுது."

"கொள்ளிடத்துல எம்மாந் தண்ணி போவுது பாத்தீங்களா? அவ்வளவும் கடலுக்குத்தான். நாம கேட்டா மட்டும் தண்ணி இல்லம்பாங்க." இது உரக்கடை கோவிந்தராசு. பாதிப் பேர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து அவர் பக்கம் போக, பணிப்பெண் பதறிப்போய் இங்கிலீஷில் கெஞ்சினாள். நான் மைக்கில், "தயவுசெஞ்சு உக்காருங்க. திரும்பி வரும்போதும் கொள்ளிடம் அங்கதான் இருக்கும்" என்றேன்.

"ராத்திரி இருட்டுல என்னத்தம்மா பாக்குறது?" என்றார் கோவிந்தராசு. நியாயமான கேள்விதான்.

கோட்டைகளையும் ராஜாக்களையும் அவிழ்த்துவிட்டேன். திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த வசந்தா அக்கா கையை உயர்த்தினார். கணவர் வெளிநாட்டில் இருக்க, நிலம் முழுவதையும் தானே பார்த்துக்கொள்பவர். "ராஜா இருக்கட்டும் தங்கச்சி. கீழ வட்ட வட்டமா பச்சையா தெரியுதே, அது என்ன பயிரு?"

தெரியாது என்று சொல்லக்கூடாதே. "கரும்பு" என்றேன்.

"கரும்ப எதுக்கு வட்டமா போடுறாங்க?"

"அது இந்தப் பக்கத்து வழக்கம்க்கா."

பல வருஷம் கரும்பு போட்ட அப்பா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதன்பிறகு பச்சையாக எது தெரிந்தாலும் கரும்பு, பழுப்பாக எது தெரிந்தாலும் பருத்தி என்று சமாளித்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்தக் கேள்விகள் பிடித்திருந்தன. செம்மண் மெல்ல மறைந்து கரிசல் வந்தபோதும், ஆறுகள் எல்லாம் எங்கள் காவிரிக்கு நேரெதிர்த் திசையில் மேற்கே திரும்பி ஓடியபோதும், மனப்பாடம் செய்ததை மறந்துவிட்டு நானும் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

விமானத்திலிருந்து இறங்கி, பஸ்ஸில் நெடுந்தூரம் போய், உப்புப் பாலைவனத்தின் முன்னால் நின்றோம். கண்ணுக்கெட்டிய வரைக்கும் வெள்ளை. யாரோ பூமி முழுக்கப் பச்சரிசி மாவைக் கொட்டிப் பரப்பியதுபோல இருந்தது. மரம் இல்லை, வரப்பு இல்லை, ஒரு காக்கா இல்லை. கூட்டம் வாயடைத்து நின்றது. அப்பாடா, கடைசியில் ஒரு காட்சியைக் காட்டிவிட்டோம் என்று நினைத்தேன். அப்போது அப்பா குனிந்து, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். அடுத்த நிமிஷம் எல்லோரும் குனிந்து தரையை ருசி பார்க்க ஆரம்பித்தார்கள்.

உள்ளூர் வழிகாட்டி காசிம் பாய் என்னிடம் வந்து இந்தியில், "காலையில் இவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கவில்லையா?" என்று கேட்டார்.

"ரொம்ப முத்திப்போச்சு" என்றார் அப்பா, வைத்தியர் தோரணையில். "நம்ம கடைமடையிலயும் உப்பு பூக்கும். ஆனா இந்த அளவுக்கு விடமாட்டோம்."

"ஜிப்சம் போட்டு, தண்ணி கட்டி வடிச்சு, தக்கைப்பூண்டு வெதச்சு மடக்கி உழுதா சரியாயிடும்" என்றார் வசந்தா அக்கா. கோவிந்தராசு அடிவானம் வரைக்கும் ஒருமுறை பார்த்தார். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று அவர் உதடு முணுமுணுத்தது. "இந்த ஏரியாவுக்கு டீலர்ஷிப் யாருங்க?" என்று காசிம் பாயிடம் கேட்கச் சொன்னார்.

இதையெல்லாம் நான் இந்தியில் சொல்லச் சொல்ல, காசிம் பாயின் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது. இங்கே யாரும் எதையும் விதைப்பதில்லை, மழைக்காலத்தில் கடல்தண்ணீர் உள்ளே வந்து நின்று வற்றிப்போகும், மக்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான் என்றார்.

"நெலத்த எப்புடிங்க சும்மா பாத்துட்டுப் போறது?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார் வசந்தா அக்கா.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. இந்த உப்புக்கு அடியில் என்ன இருக்கிறது? காசிம் பாய், சேறு என்றார். எவ்வளவு ஆழம் என்று தனக்குத் தெரியாது, அளந்து பார்த்தவரை தான் கண்டதில்லை, அதோ அந்தச் சிவப்புக் கொடிகளைத் தாண்டி மட்டும் யாரும் போகாதீர்கள் என்றார். களிமண்தான், முழங்காலுக்குக் கீழே கெட்டி வந்துவிடும் என்றார் வசந்தா அக்கா. கெட்டியே வராது, முழுக்க உளைச்சேறுதான் என்றார் கோவிந்தராசு. இரண்டு கட்சி பிரிந்தது. பாலைவனத்தை விட்டுவிட்டு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கைடு பதில் சொல்ல வேண்டும். தெரியாது என்றால் ஸ்டூல். எனக்கும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது, அடியில் அப்படி என்னதான் இருக்கிறது?

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் நடவு வயலில் கால் வைத்தால் கணுக்கால் போகும், கெண்டைக்கால் போகும், அப்புறம் கெட்டியாக ஒரு தரை காலில் தட்டும். தலைமுறை தலைமுறையாக உழுத வயல். உழவு படாத மண் அடியில் இறுகிக் கிடக்கும். சேறு என்றால் அதற்குக் கீழே தரை உண்டு என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே தெரிந்த விஷயம். இந்த நம்பிக்கையோடு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "நான் விவசாயி பொண்ணுங்க, பாத்துச் சொல்றேன்" என்று கொடியைத் தாண்டி நடந்தேன். (வயலில் நான் இறங்கியது பெரும்பாலும் போட்டோ எடுக்கத்தான்.) காசிம் பாய் பின்னால் ஏதோ கத்தினார். பரீட்சைக்குப் படித்த இந்தியில் அந்த வார்த்தைகள் இல்லை.

கொஞ்ச தூரம் உப்பு தாங்கியது. அப்புறம் அப்பளம் மாதிரி உடைந்தது. கணுக்கால் போனது. "களிதாங்க!" என்று திரும்பி அறிவித்தேன். வசந்தா அக்கா கட்சியில் கைதட்டல். கெண்டைக்கால் போனது. "பயப்படாதீங்க, இன்னும் கொஞ்சம் கீழ கெட்டி வந்துரும்!" முழங்கால் போனது. தரையைத் தொட்டே தீர்வது என்று இன்னொரு காலையும் அழுத்தி ஊன்றினேன். அதுவும் போனது. அப்போதும் புன்னகை மாறாமல், "இதோ, இப்ப வந்துரும்" என்றேன். வந்தது தொடை வரைக்கும் சேறுதான்.

அடுத்து நடந்தது நான் கலந்துகொண்ட முதல் விவசாயிகள் ஆலோசனைக் கூட்டம்.

"இழுத்தா வராது, மொதல்ல ஆட்டணும்."

"ஆட்டுனா இன்னும் போவும். காலுகிட்ட தண்ணி ஊத்துனாத்தான் சேறு விடும்."

"எங்க கறவ மாடு வாய்க்கால்ல எறங்கினப்ப வயித்துல கயிறு போட்டோம்."

"இதுக்கு எப்புடிய்யா வயித்துல போடுறது?"

அப்பா கொடியைத் தாண்டி வந்து, அந்தப் புதுச் சட்டையோடு உப்பில் குப்புறப் படுத்து, ஊர்ந்து வந்து துண்டை நீட்டினார். மறுமுனையைத் தன் மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை அவமானம் மட்டும்தான் இருந்தது.

"பாப்பா, நிமிந்து நிக்காத. மாடு மாதிரி சாஞ்சு படு."

"அப்பா, எல்லாரும் பாக்குறாங்கப்பா."

"பாக்கட்டும். படுறீ!"

படுத்தேன். துண்டுகளை ஒன்றோடொன்று முடிந்தார்கள். எங்களோடு வந்திருந்த உரக் கம்பெனி மேனேஜர் குரூப் போட்டோவுக்காகக் கொண்டுவந்த நீளமான பேனரைச் சேற்றின்மேல் விரித்தார்கள். கொண்டுவந்த குடிதண்ணீர் பாட்டில்கள் அத்தனையும் என் காலடியில் காலியாயின. முதல் இழுப்பில் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த இழுப்பில், சொல்லக் கூசும் ஒரு சத்தத்தோடு நான் வெளியே வந்து, 'உறுதியான மண், உயர்வான மகசூல்' என்ற வாசகத்தின்மேல் முகம்குப்புற விழுந்தேன். தன் கடமையை மறக்காத மேனேஜர் அதைப் படம் எடுத்தார்.

அப்பா என் தலையைத் தொட்டுப் பார்த்தார், காலைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும், "கரும்பாம் கரும்பு" என்று முதுகில் ஓர் அடி போட்டார்.

அதன்பிறகு எல்லாமே தலைகீழ். தாகத்தில் எல்லோருக்கும் நா வறண்டது, மதியச் சாப்பாடு ஆறிப்போனது, கைவேலைக் கிராமம் பார்ப்பது ரத்தானது. வசந்தா அக்கா எங்கே போனாலும் மாற்றுச் சேலை எடுத்துப் போகிறவர்; உரக் கம்பெனி டீ-ஷர்ட்டின்மேல் அந்தச் சேலையைச் சுற்றிக்கொண்டு விமானம் ஏறினேன். கழுவியும் போகாத உப்பு காலில் காய்ந்து அரித்தது. படம் எனக்கு முன்பே தஞ்சாவூர் போய்ச் சேர்ந்திருந்தது. முதலாளி போனில், "ஜெசி..." என்று மட்டும் சொல்லி, ஒரு பெருமூச்சு விட்டு வைத்துவிட்டார்.

திரும்பும்போது மைக்கைத் தொடவில்லை. ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்து அழுதேன். என் முதல் விமானப் பயணமே கைடாக என் கடைசிப் பயணமும் ஆகிவிட்டதே என்று இருந்தது. ஆனால் எனக்குப் பின்னால் ஒரே சண்டை.

"இன்னும் ரெண்டு முழம் போயிருந்தா கெட்டி வந்துருக்கும்" என்றார் வசந்தா அக்கா.

"வந்தே இருக்காது" என்றார் கோவிந்தராசு. "நாமதான் அவசரப்பட்டுட்டோம். செத்த பொறுத்து இழுத்துருந்தா தெரிஞ்சு போயிருக்கும்."

அப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பேச்சு அத்தோடு நின்றது.

மறுநாள் யாரும் சொல்லாமலேயே போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதலாளி வந்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "கோவிந்தராசு போன் பண்ணாரு" என்றார். "சொந்தக்காரங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு அடுத்த ட்ரிப் போவணுமாம். கைடு நீதான் வேணுமாம். மத்த கைடெல்லாம் வாயால சொல்லுவாங்க, இந்தப் பொண்ணு எறங்கிப் பாத்துச் சொல்லுதுங்குறாரு." ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன். முதலாளி தொண்டையைச் செருமினார். "ஆனா ஒரு கண்டிஷன். உங்கப்பாவுக்கும் சீட்டு போடணுமாம். உன்ன இழுக்க ஆளு வேணும்ல."

அப்படித்தான் நான் கைடானேன். அப்பா அதன்பிறகு தேயிலை மலை, பனிமலை, மணல் பாலைவனம் எல்லாம் பார்த்துவிட்டார். எல்லா ஊர் மண்ணையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார். உறவுக்காரர்கள் யாராவது, "என்னங்க, அடிக்கடி பிளேன்ல போறீங்களாமே?" என்று கேட்டால், "சும்மா போவல, வேலையா போறேன். கைடைத் தூக்குற வேலை" என்பார்.

என் கல்யாணத்தன்று, மாதா கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது, அப்பா ஒரு புதுத் துண்டை எடுத்து என் கணவர் கையில் கொடுத்தார். "இனிமே இது உங்க பொறுப்பு மாப்ள." கதை மாப்பிள்ளைக்கு முன்பே தெரியும். துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மிகுந்த பணிவோடு கேட்டார்: "எவ்வளவு ஆழம் போவாங்க மாமா?"

"தெரியல மாப்ள" என்றார் அப்பா. "நாங்க பாதியிலயே இழுத்துட்டோம்."