இரண்டு கோடி ஒளியாண்டு தள்ளி ஓர் அண்ணன்

வாசகர்களே, தொலைதூர விண்மீன் மண்டலங்களைப் பொழுதுபோக்காகப் படம்பிடிக்கும் அண்ணன் என்றோர் இனம் உண்டு. பகலில் பார்த்தால் மனிதனைப் போலவே இருக்கும். ஆனால் வானத்தில் ஒரு மேகத் துணுக்கைக் கண்டால் முகம் சுண்டிப்போகும், தெருவிளக்கை ஜென்ம விரோதியாக முறைக்கும், "எப்படி இருக்கீங்க?" என்று நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் போனை நீட்டி, கறுப்புத் திரையில் எறும்பு தும்மியதுபோல் ஒரு வெண்பொட்டைக் காட்டி, "ரெண்டு கோடி வருஷத்துக்கு முன்னாடி கிளம்பின வெளிச்சம்!" என்று மூச்சுவாங்கும். தூசி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். ஆறு மாதம் பேச்சில்லை.

அப்படி ஓர் அண்ணன் எங்கள் எதிர்வீட்டில். அவன் தங்கைதான் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பட்டமளிப்பு அங்கியைப் பன்னிரண்டு மணிக்குள் கல்லூரியில் திருப்பித் தரவேண்டும். அதற்குள், அங்கியோடு, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படம். அவ்வளவுதான் கேட்டாள்.

"போன்லயே ஒண்ணு எடுத்துடேன், அண்ணா."

"ஒண்ணா? இருநூறு எடுத்து, கணினியில ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கினாத்தான் உண்மை வெளிய வரும். அசையாதே!"

நாற்பதாவது படத்தில் அவளுக்குத் தும்மல் வந்தது. எழுபதில் நாற்காலியைவிட்டு எழுந்தாள். அதன்பிறகு அறைக்குள் உலாத்தியபடியே, "அண்ணா, மணி பதினொண்ணரை!" என்று கத்தினாள்.

"பேசாதே, உதடு ஆடுது."

அப்பா மட்டும் மூன்றாவது படத்திலேயே தூங்கிப்போய், முழு ஒத்துழைப்பு தந்தார்.

அங்கி கல்லூரிக்குப் போய்விட்டது. மறுநாள் கணினி படத்தைத் தந்தது. அடடா! சுவரின் மயிரிழை விரிசல், நாற்காலிப் பிரம்பின் ஒவ்வொரு பின்னல், அப்பாவின் மீசையில் எத்தனை நரை என்றுகூட எண்ணிவிடலாம். என்ன தெளிவு! நானும் வாயைப் பிளந்தேன்.

"எல்லாம் சரிடா," என்றார் அவன் அம்மா. "பொண்ணு எங்க?"

"அசைஞ்சுட்டாம்மா. குறுக்கே போற விமானத்தை நீக்கற மாதிரி, அசையறது எதுவா இருந்தாலும் மென்பொருள் நீக்கிடும்."

தங்கை சண்டை போடவில்லை. படத்தை அச்சிட்டு, அதில் காலி நாற்காலிக்குக் கீழே 'பட்டம் வாங்கிய நான்' என்று எழுதி, கூடத்தில் மாட்டிவிட்டாள்.

சிரிக்கிறீர்கள். அந்த இனம் எதிர்வீட்டோடு முடிந்தது என்ற நிம்மதி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: விரிசலையும் மீசையையும் நாம் வியந்துகொண்டிருந்தபோது, அந்த அம்மா கேட்கும்வரை, அவளைக் காணோமே என்று உங்களுக்கு மட்டும் தோன்றியதா?