மாடி ரூமுக்கு வந்த இங்கிலீஷ்

"இன்னிலேர்ந்து இந்த வீட்ல இங்கிலீஷ்தான்" என்று ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கோதண்டராமன் அறிவித்தார். மனைவி மதிவதனியும் ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் ஓவியாவும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"எதுக்குங்க திடீர்னு?" என்றாள் மதிவதனி.

"புள்ள வெளில போய் நாலு பேர்கிட்ட பேச வேணாமா? வெள்ளைக்காரங்க வந்து தங்கற ஆசிரமத்துப் பக்கம் போய்ப் பாரு. டீக்கடை வாசல்ல படுத்திருக்கிற நாய்கூட இங்கிலீஷ்ல சொன்னாத்தான் நகருது. நாம மட்டும் இன்னும் சட்னி, சட்னினு சொல்லிட்டு உக்காந்திருக்கோம்."

"சட்னிக்கு இங்கிலீஷ்ல என்னங்க?"

"சட்னிதான்" என்று சொல்லிவிட்டு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது முக்கியமில்ல. தமிழ்ல கேட்டா இனிமே என் காதுல விழாது. இங்கிலீஷ்ல கேக்கணும், இங்கிலீஷ்ல பதில் சொல்வேன். அப்படிச் சொல்ற பதில்தான் இந்த வீட்ல ஃபைனல். அண்ணாமலையாரைக் கும்பிடறதா இருந்தாலும் மனசுக்குள்ளயே கும்பிட்டுக்கோ. வாயைத் திறந்தா இங்கிலீஷ்."

புள்ளைக்காக என்பதெல்லாம் ஊருக்குச் சொல்கிற சமாச்சாரம். உள்விஷயம் வேறே. மதிவதனியின் அண்ணன் திருமலைக்குப் போளூரிலிருந்து திருவண்ணாமலைக்கு மாற்றல் வந்திருந்தது. வேறு வீடு கிடைக்கிறவரைக்கும் தங்கச்சி வீட்டு மாடி ரூமில் தங்கலாம் என்று மனுஷன் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் தீபம் பார்க்க வந்தவர் பொங்கல் முடிந்துதான் போனார். இப்போது உத்தியோகத்தோடு வந்தால் ரிடையர் ஆகித்தான் போவார் என்று கோதண்டராமனுக்குத் தோன்றியது.

அந்த மாடி ரூம் கோதண்டராமனுக்கு உயிர். வேங்கிக்காலில் வீடு கட்டும்போது கீழே எல்லாவற்றையும் மதிவதனி சொன்னபடி விட்டுக்கொடுத்து, மேலே அந்த ஒரு ரூமைத்தான் தனக்கென்று கட்டிக்கொண்டார். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலில் மலை. லீவு நாளில் மத்தியானம் அங்கே போய்ப் படுத்தால் உலகத்தில் யாருக்கும் அவர் புருஷன் இல்லை.

மதிவதனியோடு தமிழில் பேசி அதைக் காப்பாற்ற முடியாது. அவர் 'அ' என்பதற்குள் அவள் 'ஃ' வரைக்கும் போய்விட்டு, திரும்பி வந்து அவருக்காகக் காத்திருப்பாள். ஆனால் இங்கிலீஷில் அவளுக்கு நாக்கு புரளாது. வாயே இல்லாதவள் அண்ணனுக்காக எப்படி வாதாடுவாள்? சும்மா சொல்லக்கூடாது, திட்டம் நல்ல திட்டம்தான்.

கோதண்டராமன் அரசாங்க ஆபீசில் ஃபைலோடு ஃபைலாக வளர்ந்தவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஃபைல் இங்கிலீஷ்.

"ஐ ஆம் டு ஸ்டேட் தட் மார்னிங் காபி ஹேஸ் நாட் பீன் ரிசீவ்ட் டில் டேட்" என்பார் காலையில்.

"மில்க் நோ கம்."

"கைண்ட்லி எக்ஸ்பெடைட். வாட் குழம்பு டுடே?"

"டுடே குழம்பு, எஸ்டர்டே குழம்பு" என்பாள் அவள். மேற்கொண்டு கேட்க இங்கிலீஷ் இல்லாததால் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

ஒருநாள் அவள் மெதுவாக ஆரம்பித்தாள். "ஏங்க, அண்ணன் போன் பண்ணாரு..."

"இங்கிலீஷ் ப்ளீஸ்."

"மை பிரதர்... போன்... மாடி..."

"மாடி இஸ் நாட் இங்கிலீஷ். ரிஜெக்டட்."

அவள் உள்ளே போய்விட்டாள். கோதண்டராமன் மாடிக்குப் போய்க் கட்டிலில் விழுந்தார். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு சுலபமாக ஒரு சண்டையை அவர் ஜெயித்ததே கிடையாது. சந்தோஷத்தில் தூக்கம்கூட வரவில்லை.

அதற்கப்புறம் சாயங்காலமானால் சமையல்கட்டில் அம்மாவும் பெண்ணும் இங்கிலீஷில் முணுமுணுக்கிற சத்தம் கேட்கும். பரவாயில்லையே, இவளும் தேறிவிடுவாள் போலிருக்கிறதே என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பாவம், வெள்ளை மனசு.

சனிக்கிழமை சாயங்காலம் வாழைக்காய் பஜ்ஜி வந்தது. கேட்காமலே பஜ்ஜி வந்தால் புருஷன்மார் உஷாராக வேண்டும். இவர் உஷாராகவில்லை, சாப்பிட்டார். மதிவதனி எதிரே வந்து நிமிர்ந்து நின்றாள். ஸ்கூல் பிள்ளை செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில் சொன்னாள்.

"டூ யூ மைண்ட் இஃப் மை பிரதர் ஸ்டேஸ் இன் தி அப்ஸ்டேர்ஸ் ரூம்?"

கோதண்டராமன் கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். இவ்வளவு நீள இங்கிலீஷா? ஆரம்பத்தில் மைண்ட் என்று என்னமோ வந்தது, அது அவர் மைண்டில் பதியவில்லை. பிரதர் காதில் விழுந்தது. அப்ஸ்டேர்ஸ் காதில் விழுந்தது. அது போதாதா?

"நோ" என்றார்.

"நோ?"

"நோ. ஒன்ஸ் அகெய்ன் நோ. அட் எனி காஸ்ட் நோ."

"ஷ்யூர்?"

"ஹண்ட்ரட் பர்சென்ட் நோ."

"தேங்க்யூ" என்று சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள் மதிவதனி. முடியாது என்றதற்கு எவளாவது தேங்க்யூ சொல்வாளா?

"அண்ணா, அவரு ஒத்துக்கிட்டாரு. ஒரு தரம் இல்ல, திருப்பித் திருப்பிச் சொல்றாரு. நாளைக்கே சாமானை ஏத்திட்டு வந்துடு."

"ஏய், நான் எங்கடி ஒத்துக்கிட்டேன்? நோன்னுதானே சொன்னேன்?"

ஓவியா பஜ்ஜியை மென்றுகொண்டே விளக்கினாள். "அப்பா, டூ யூ மைண்ட்னா, உங்களுக்கு ஏதாச்சும் கஷ்டமானு கேக்கறது. நீங்க இல்லைன்னுட்டீங்க. மாமா வரக்கூடாதுன்னா யெஸ்னு சொல்லியிருக்கணும்."

"வேணாம்னா யெஸ்ஸா? இது எந்த ஊர் நியாயம்?"

"நீங்க பேசச் சொன்ன இங்கிலீஷ்காரன் ஊர் நியாயம்தான்பா."

"எனக்கு இஷ்டமில்ல. சுத்தமா இஷ்டமில்ல."

"தமிழ்ல சொன்னா காதுல விழாதுங்களே" என்றாள் மதிவதனி.

கோதண்டராமன் இங்கிலீஷில் முயற்சி செய்தார். "வித் ரெஃபரன்ஸ் டு தி அபோவ்..." என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டார். எந்த ஃபைலிலும் மச்சானைத் திருப்பி அனுப்ப வாசகம் இல்லை. ஜன்னலும் மலையும் கண்முன்னால் போளூர்க்காரர் வசம் போய்க்கொண்டிருந்தன. அழுகை வரும்போல இருந்தது.

"இங்கிலீஷ் கேன்சல்" என்றார் பலவீனமாக. "தமிழ்லயே கேக்கறேன், சொல்லு. தப்பித்தவறி நான் யெஸ்னு சொல்லித் தொலைச்சிருந்தா என்னடி பண்ணியிருப்ப?"

மதிவதனி காலித் தட்டை எடுத்துக்கொண்டாள்.

"எங்க அண்ணன் பேரைச் சொன்னா நீங்க என்னிக்குங்க யெஸ்னு சொல்லியிருக்கீங்க?"