தாய்மாமனுக்குக் கிடைக்காத டி.என்.ஏ. கயிறு

இராயபுரம்

அன்பு மருமகள் அனிஷாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் ஐதராபாத்தில் நீயும் உன் ஆராய்ச்சிக்கூடமும் நலமாக இருப்பீர்கள். இங்கே உன் அத்தை பிலோமி நலம், கருப்பட்டி மண்டி நலம். என் இடது கால் மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் இருக்கிறது. போனில் சொன்னால் நீ சிரித்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். இதைப் படித்துச் சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

நாள் முழுக்க மண்டியில் உட்கார்ந்தே இருந்ததில் காலில் ரத்தம் கட்டியதும், ரத்தம் இளக்கும் மாத்திரையை டாக்டர் கொடுத்ததும் உனக்குத் தெரியும். அவர் "கீரை கூடினாலும் குறைஞ்சாலும் மாத்திரை வேலை மாறும், ஒரே அளவாச் சாப்பிடுங்க" என்று சொன்னது பிலோமியின் காதில் "கீரையே கூடாது" என்று விழுந்து, அன்றோடு முருங்கைக்கீரை வீட்டு வாசல் ஏறுவதில்லை. அது போகட்டும் என்று கல்மண்டபத்தில் நம் திருமலையின் சலூனுக்குச் சவரம் செய்யப் போனால், காதோரம் கத்தி லேசாகப் பட்டது, ரத்தம் நிற்கவில்லை, படிகாரம் தேய்த்தார், நிற்கவில்லை, துண்டுக்கு மேல் துண்டு சிவந்தது, பாதி முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்த ஒருவர் அப்படியே இறங்கி ஓடினார், வாசலில் கூட்டம் கூடியது, மண்டிக்காரரைக் கத்தியால் குத்திவிட்டார்கள் என்று செய்தி போய் உன் அத்தை செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள்.

காதைப் பொத்திக்கொண்டே நான், "எல்லாம் இந்த மாத்திரையால வந்த வினை. எங்க அனிஷா டி.என்.ஏ.வுலயே வேற மருந்து செஞ்சிட்டு இருக்கா" என்றேன்.

திருமலை கத்தியைக் கீழே வைத்தார். "அண்ணாத்த, டி.என்.ஏ.ன்னா அப்பன் யாருன்னு கண்டுபுடிக்கிறதாச்சே. அந்த டி.என்.ஏ.வ ஒடம்புல ஏத்திகினா, நாளிக்கு எவனாவது சொத்துல பங்கு கேட்டுகினு வருவான்."

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் உனக்குப் போன் போட்டேன். நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மாமா, அது யாரோட டி.என்.ஏ.வும் இல்ல. மெஷின்ல எழுத்து எழுத்தாக் கோத்து எடுக்கிற குட்டிக் கயிறு. பேரு ஆப்டமர். அது தானா மடிஞ்சு ஒரு முடிச்சு மாதிரி ஆயிரும். உங்க ரத்தத்துல த்ராம்பின்னு ஒரு புரதம் இருக்கு. அதுதான் இன்னொரு புரதத்தப் பிடிச்சு வெட்டி வலையாக்குது. அந்த வலையில ரத்தம் மாட்டித்தான் கட்டியாகுது. த்ராம்பின் பிடிக்கிற இடத்துல எங்க முடிச்சு போய்க் கச்சிதமா உக்காந்துக்கும். அப்புறம் அதால எதையும் பிடிக்க முடியாது."

"ரத்தம் நிக்காம போச்சுன்னா?"

"அதுக்கு எதிர் எழுத்துள்ள இன்னொரு கயிற விட்டாப் போதும். முதல் கயிறு முடிச்சவிழ்ந்து அதோட ஒட்டிக்கும். த்ராம்பின் மறுபடி வேலைக்கு வந்துரும்."

கட்டவும் அவிழ்க்கவும் முடிகிற மருந்து என்றால் எனக்கு அதுதான் வேண்டும் என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "இன்னும் எலியிலதான் பார்த்துட்டு இருக்கோம் மாமா. அதுலயும் சீக்கிரமே சிறுநீர்ல போயிருது. மனுசருக்குக் கொடுக்க வருசக்கணக்கா ஆகும்."

எலிக்குக் கொடுக்கிற மரியாதை தாய்மாமனுக்கு இல்லையா? உனக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டது எந்த எலி?

ஆகவே தீர்மானமாகச் சொல்கிறேன். உன் கயிறு வரும்வரை இந்த மாத்திரையைத் தொடமாட்டேன். டாக்டரிடமும் நேருக்கு நேர் சொல்லிவிட்டேன். "அதுவரைக்கும் ரத்தம் காத்துக்கிட்டு இருக்காது சார்" என்றார். "என் ரத்தம் டாக்டர், நான் சொன்னா இருக்கும்" என்று எழுந்து வந்தேன். பிலோமி தினமும் தண்ணீரோடு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் வாயில் போட்டுக்கொண்டு, அவள் திரும்பியதும் புளி மூட்டைக்குப் பின்னால் துப்பிவிடுகிறேன். என்னை அடக்க எந்த மாத்திரையாலும் முடியாது. மருந்தைக் கொண்டுவருவதாக இருந்தால் கிறிஸ்துமஸுக்கு வா. வெறுங்கையோடு வருவதாக இருந்தால் அங்கேயே இரு.

உன்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், கர்த்தர் உன் கைக்கும் கண்ணுக்கும் குறை வைக்காமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
விட்டுக்கொடுக்காத உன் மாமன்
தேவப்பிரியம்

பி.கு.: மேலே உள்ளதைத் தபாலில் போடுவதற்குள் மூச்சு முட்டிவிட்டது. காலில் இருந்த கட்டியில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போய்விட்டதாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். ஆம்புலன்ஸில் பிலோமி ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதில்தான் பயந்துபோனேன். இன்று மாத்திரையை அவள் முன்னால் விழுங்கி, வாயைத் திறந்தும் காட்டினேன். மேலே எழுதிய ஒன்றையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. வெறுங்கையோடு வா.

பக்கத்துக் கட்டிலில் கமால் என்று ஒருவர். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வெல்டர். ரத்தம் கட்டாமல் இருக்கப் போட்ட ஊசியே அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வேறு மருந்து தேடுகிறார்கள். உன் வேலையைப் பற்றிச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பொண்ணு எப்போ முடிக்கும் நைனா?"

"சரியா முடிக்கும்" என்றேன். நீ அவசரப்படாதே அம்மா.