கூட்டம் இருந்தால் சோகம் வராது

உயிரோடு நடமாடுகின்றவற்றுக்கு இரங்கல் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு வகை மனிதர்கள் உண்டு. ஆண்டுக்கு இரண்டு நூல், நூலுக்கொரு ஆவணப்படம் என்று அலுப்பில்லாமல் விளைவிப்பவர்கள். கற்பனை அவர்களுக்கு ஆகாது. எல்லாம் உண்மை, நேரில் கண்டது, களத்தில் திரட்டியது. இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒன்றை மிக அருகிலிருந்து கவனிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அவருடைய நூல்களும் வெளியீட்டு விழா அழைப்பிதழ்களும் பேட்டி வந்த நாளிதழ்த் துண்டுகளும் என்னிடம் தேதி வாரியாக உள்ளன. ஆகவே பின்வருவனவற்றில் ஒரு வரிகூட என் கைச்சரக்கன்று.

அவரை இங்கே ஆசிரியர் என்றே அழைப்போம். அவர் நூல்களின் தலைப்பில் 'கடைசி' என்ற சொல் தவறாது வந்து அமர்ந்துகொள்ளும். கடைசிக் கடிகாரப் பழுதாளர், கடைசித் தட்டச்சுப் பயிற்சியாளர், கடைசித் தபால் படகுக்காரர். கடைசி முடிதிருத்துநர் படம் வெளியான அன்று, விழாவுக்காக ஆசிரியர் முடி வெட்டிக்கொண்டது அதே முடிதிருத்துநரிடம்தான். அதுவும் வரிசையில் காத்திருந்து. அந்த முடிதிருத்துநரின் மகன்கள் இருவரும் அடுத்தடுத்த தெருக்களில் கடை வைத்திருக்கிறார்கள். அதனால் என்ன? தந்தை கடைசி என்றால் கடைசிதான். மகன்களை வேறு நூலில் பார்த்துக்கொள்ளலாம்.

இத்தகையவர் ஒரு தெருவுக்குள் நுழைவதை எப்படி அறிவது? நடை தளரும். கண்கள் பாதி மூடும். கை தானாக நீண்டு ஏதேனும் ஒரு சுவரைத் தடவும். சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தால் பெருமூச்சு, உதிராவிட்டால் ஏமாற்றம். அப்படித் தடவிக்கொண்டே ஒரு மழைக்காலத்தில் அவர் என் தமக்கையின் கடைக்கு வந்து சேர்ந்தார்.

கடையில் குடைகளையும் பைகளையும் பழுது பார்க்கிறோம். முறிந்த கம்பிக்கு மாற்றுக் கம்பி கோப்பதும், கழன்ற துணியைக் கம்பி நுனியில் தைப்பதும் அக்காவின் வேலை; ஜிப்பு என் வேலை. அன்று வாசல்வரை கூட்டம். ஈரக் குடைகளிலிருந்து சொட்டிய தண்ணீர் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தது. ஆசிரியர் அதையெல்லாம் சங்கடத்தோடு பார்த்தார்.

"அம்மா, இவங்கள எல்லாம் கொஞ்சம் அப்புறமா வரச் சொல்ல முடியுமா?"

"மழைக்காலம் சார். கிழிஞ்ச குடையோட வந்தவங்கள எங்க போகச் சொல்றது?"

"கூட்டம் இருந்தா சோகம் வராதும்மா."

"சோகம் எதுக்கு சார்? குடைதானே தைக்கிறோம்."

ஆசிரியர் ஒளிப்பதிவாளர் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டார்: "இத எடுத்தியா? எப்படி ஒரு வெள்ளந்தி."

அடுத்து என் முறை. "தம்பி, நீங்க கொஞ்சம் எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க. அக்கா தனியா இருக்கணும்."

"நானும் இங்கதான் சார் வேலை செய்றேன். கூடப்பிறந்தவன்."

"தெரியும் தம்பி. ஆனா கதைல அவங்க தனி." சொல்லிவிட்டு என் கையில் ஒரு வெள்ளைப் பலகையைக் கொடுத்து, வெளிச்சத்தை அக்காவின் முகத்துக்குத் திருப்பிவிடச் சொன்னார். அந்தக் காட்சியை நூல் இவ்வாறு வருணிக்கிறது: 'உறவென்று சொல்லிக்கொள்ள ஒருவருமற்ற அப்பெண்மணியின் முகத்தில் எங்கிருந்தோ ஓர் ஒளி விழுந்தது.' எங்கிருந்தோ அல்ல. நான்தான் கை கடுக்கப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கதவாவது சாத்தப்படாமல் ஆசிரியரின் படங்கள் முடிவதில்லை. ஆகவே ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்துபோகும்படி அக்காவிடம் வேண்டிக்கொண்டார். அக்கா நடந்தார். போதவில்லை. மறுபடி திறந்து, மறுபடி பூட்டி, மறுபடி நடந்தார். மழை விட்டு, நண்பகல் வெயில் ஏறி, கால் நொந்து, தோள் தொங்கிய பிறகே ஆசிரியரின் முகம் மலர்ந்தது. "இதுதாம்மா. இந்தத் தளர்ச்சியத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்."

படம் திரையிடப்பட்டது. முன்வரிசையில் அமர்ந்து அழுதவர்களில் எங்கள் கடையிருக்கும் கட்டடத்தின் உரிமையாளரும் ஒருவர். மறுநாள் காலை கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். கூடவே கைபேசிக் கடை வைக்க இடம் தேடுகிற ஒருவர் அளவுநாடாவோடு வந்தார்.

"ஏங்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கடைய மூடறத நான் படம் பார்த்துத் தெரிஞ்சுக்கணுமா?"

"யாரு மூடறா? நான் பாட்டுக்குத் தச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"பூட்டிட்டுப் போனீங்களே. என் கண்ணால பார்த்தேன்."

"அது படத்துக்காகப் பூட்டினது."

"சினிமான்னா நீங்க சொல்றது சரி. இது ஆவணப்படம்க்கா. நடந்தத மட்டும்தான் காட்டுவாங்க."

அளவுநாடா என் நாற்காலிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேர வாதத்துக்குப் பின் உரிமையாளர் ஓரடி இறங்கி வந்தார்: மாத முடிவு வரை பார்ப்பாராம், முன்போல வேலை வந்தால் கடை இருக்கலாம், வராவிட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். வேலை எப்படி வரும்? வாடிக்கையாளர்களும் அதே படத்தைப் பார்த்தவர்கள் அல்லரோ?

அக்காவும் நானும் ஆசிரியர் வீட்டுக்குப் போனோம். கடை நடக்கிறது என்று ஊரறிய ஒரு வார்த்தை சொல்லும்படி அக்கா கேட்டார். ஆசிரியரின் கண் கலங்கியிருந்தது. வருந்துகிறார் என்றே நம்பினேன்.

"பாருங்கம்மா, நடக்கப்போறத என் படம் முன்னாடியே சொல்லிடுச்சு." குறிப்பேட்டை விரித்தார். "சாமானெல்லாம் எப்ப வெளிய எடுக்கறீங்க? காலைல எடுத்தீங்கன்னா வெளிச்சம் நல்லாருக்கும்."

"முதல்ல நீங்க உங்க வாசக்கதவப் பூட்டிட்டு ஒரு தடவ நடந்து காட்டுங்க சார். பார்த்துக் கத்துக்கறேன்," என்றார் அக்கா.

ஆசிரியர் அதையும் குறித்துக்கொண்டார்.

இவரை நினைத்துச் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் நேற்று மாலை எங்கள் கடை வாசலில் நின்றவர் நீங்கள்தாமே? படம் பார்த்துவிட்டு நெஞ்சு கனத்து வந்ததாகச் சொன்னீர்கள். "இன்னும் இருக்கீங்களா?" என்று அக்காவைக் கேட்டீர்கள். பெயர்ப்பலகையை நேராக ஒன்றும் சாய்வாக ஒன்றுமாகப் படமெடுத்தீர்கள். 'இதெல்லாம் இனி எங்கே பார்க்கப்போகிறோம்' என்று எழுதி, அங்கேயே நின்று நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பிவைத்தீர்கள். அப்போது தூறல் விழவே, அக்குளில் இடுக்கியிருந்த குடையை விரித்தீர்கள். ஒரு கம்பி முறிந்து துணியோடு தொங்கியது. அக்கா ஊசியில் நூலைக் கோத்து உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். நீங்கள் அந்தக் கம்பியைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாதி நனைந்தபடி, மிகுந்த துயரத்தோடு தெருவைக் கடந்து போனீர்கள்.