மூன்று மாடும் என் சம்பந்தியும்

படித்தவன் தெரிந்ததைத்தான் வாசிப்பான். எட்டாம் வகுப்போடு நின்ற நான் தெரியாததையும் வாசிப்பேன். அந்தத் துணிவில்தான் மொன்றியலில் இரண்டு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். (ஒருமுறை மட்டும் அது காலை வாரிவிட்டது.)

டவுன்டவுனில் ஒரு சீனரின் குசினியில் கோப்பை கழுவித் தொடங்கியவன் நான். அங்கே பொறுக்கின நாலைந்து சொல்லை வைத்து, "சீன பாஷை எனக்குத் தண்ணிபட்ட பாடு" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். மகன் சுதன் அதை நம்பி, தான் விரும்பிய சீனப் பெண் லின்னிடம் சொல்ல, அவள் தன் தகப்பனிடம் சொல்லிவிட்டாள்.

அந்த மனிதர் கலியாணத்துக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. எங்களைப் பார்த்துத்தான் முடிவாம். சென்ட் லோரன்டில் எங்கள் வீட்டு மேசையில் வந்து இருந்தார். சிரிப்பில்லை. புட்டைத் தொடவில்லை. பேனையை எடுத்து, கைதுடைக்கும் கடதாசியில் ஓர் எழுத்தை எழுதி என் பக்கம் தள்ளினார்.

"அப்பாவின்ர பேர்," என்றாள் லின், பிரெஞ்சில். "சீனரே கனபேர் வாசிக்கத் தடுமாறுவினம். நீங்கள் வாசிப்பீங்களெண்டு ஆசையோட வந்தவர்."

சுதனின் முகம் வெளிறியது. "அப்பா, தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லுங்கோ."

"பொத்தடா வாயை."

உற்றுப் பார்த்தேன். தெரிந்த எழுத்து! சீனர் கடைக் குளிர்அறையில் மாட்டிறைச்சிப் பெட்டிகளில் சமையல்காரன் கிறுக்கிவைப்பானே 'மாடு' என்று, அதே எழுத்து. ஒன்றுக்கு மூன்றாக: மேலே ஒன்று, கீழே இரண்டு. நெஞ்சை நிமிர்த்தினேன். தமிழ் அரிச்சுவடியில் வேலையில்லாமல் குந்தியிருக்கும் 'ங'வுக்கு அன்றைக்குத்தான் உத்தியோகம் கொடுத்தேன்.

"ஙௌ! ஙௌ! ஙௌ!"

(அந்தச் சமையல்காரன் மாட்டைச் சொல்வது அப்படித்தான்.) விளக்கத்தையும் பிரெஞ்சில் சொன்னேன்: "மாட்டிறைச்சி, மூண்டு பெட்டி."

சம்பந்தி (ஆகவேண்டியவர்) எழுந்தார். கோட்டை எடுத்தார்.

லின்னுக்குக் கண் கலங்கிவிட்டது. "அதை 'பன்' எண்டு வாசிக்கவேணும். மூண்டு மாடு சேர்ந்தால் பாய்ஞ்சு ஓடுறதெண்டு கருத்து." (மனிதர் கருத்தைச் செய்தே காட்டினார், ஒரு கால் சப்பாத்துக்குள் போய்விட்டது.)

என் மனிசி பரமேஸ் வாசலை மறித்தாள்.

"டேய் சுதன், அந்த மனிசனுக்குச் சொல்லு. இந்தாளின்ர பேர் கோபாலன். கோபாலனெண்டா மாடு மேய்க்கிறவன். மாட்டைக் கண்டா இவற்ற வாய் சும்மா கிடக்காது!"

சுதன் லின்னுக்குச் சொல்ல, லின் தகப்பனுக்குச் சொன்னாள். அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். மற்றச் சப்பாத்தைக் கையில் பிடித்தபடியே வயிறு குலுங்கச் சிரித்தார். திரும்பி வந்து புட்டில் கைவைத்தார். கலியாணம் நடந்தது.

இப்போது நான் அவர் வீட்டு மணியை அடித்தால் கதவு திறவார். வெளியில் நின்று "ஹை... ஹை..." என்று மாடு சாய்த்து ஓட்டவேண்டும், பேந்துதான் திறப்பார். உறைபனியிலும் அதுதான் சட்டம். உள்ளே எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். மாடு மூன்றென்று நான் எண்ணியதில் பிழையில்லையே!